ஒண்ணு என்று சொல்ல மூன்று நாள்

தொலைபேசியில் எண்களை அழுத்தி முடித்து ரிசீவரைக் காதில் வைத்தேன். லைன் செத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால், ரிசீவர் உட்காரும் இடத்திலிருக்கும் பித்தானை ஆபரேட்டர் சாரின் ஆள்காட்டி விரல் அமுக்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தவறான எண்ணுக்குப் போன அழைப்பை எப்படித் துண்டிப்பாரோ அப்படித்தான் என் அழைப்பையும் துண்டித்திருந்தார். “என் பேர்ல வேணாம்மா” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவருடைய வேலை போகப்போகிறது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவரும் சொல்ல மாட்டார், என்னையும் சொல்ல விடமாட்டார். இப்படி ஒரு மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அப்போது தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். ‘சிஸ்டம்ஸ் மேடம்’ என்று பெயர் என்னவோ பெரிதாகத்தான் இருந்தது. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது முதல் மேனேஜர் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது வரை எல்லாம் என் தலையில். மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்ததும், மாடிப்படிக்குக் கீழே இருந்த டெலிபோன் அறையில் தலையை நீட்டிவிட்டுத்தான் மேலே போவேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “இன்னிக்கு பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதாக்கும்” என்பார் ஆபரேட்டர் சார். மூச்சு வாங்காமல் வந்தால் உட்கார்ந்து வந்திருக்கிறேன் என்று கணக்கு. பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது.

மைலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மனைவி, படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு வரும் போன் எல்லாம் முதலில் அவரிடம்தான் வரும்; அவர்தான் ஆளுக்கேற்றபடி உள்ளே இணைப்பு கொடுப்பார். அவர் அந்த வேலையைப் பார்க்கும் அழகுக்காகவே சில நாள் காப்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் நின்றிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் எடுத்த எடுப்பிலேயே கத்துவார். சார் குறுக்கே பேசாமல் முழுதாகக் கத்தவிடுவார். ஆள் மூச்சு வாங்கும்போது, “தண்ணி குடிச்சீங்களா சார்? குடிச்சிட்டு வாங்க, லைன்லதான் இருக்கேன்” என்பார். அந்த ஆள் நிஜமாகவே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். பிறகு பேசுகிற குரல் வேறு யாருடையதோ போல இருக்கும். அடுத்த கம்பெனி ஆபரேட்டர்களிடம் அவர் காட்டிய மரியாதை அதைவிடப் பெரிது. எதிர்முனையில் இருப்பவர் என்ன தப்புச் செய்தாலும், “பரவால்லம்மா, லைன் அப்படி” என்று பழியைக் கம்பிமேல் போட்டுவிடுவார்.

அந்த வருஷம் கம்பெனியில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வைத்தார்கள். விற்பனைக்கு இந்த எண், கணக்குப் பிரிவுக்கு அந்த எண் என்று அதுவே சொல்லி அதுவே இணைத்துவிடும். ஆபரேட்டருக்கு வேலை இல்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. சாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். புகார்களுக்குப் பதில் எழுதும் கடிதப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் நீங்களே அடிக்க வேண்டும், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என் கண்ணெதிரே அடித்துக் காட்டுங்கள், முடியாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார். சார் வெளியே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு வீட்டுல உக்காரத் தெரியாதும்மா. பொண்ணுங்க ரெண்டும் இன்னும் கரையேறல.”

அடித்துக் காட்டுவது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. வீட்டில் அவர் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் பார்வையற்றோர் சங்கத்தில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது பேசும் வேகத்துக்கு எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே சரசரவென்று அடிப்பார். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கொண்டுவந்தார். வந்த வேளை, ஐப்பசி மழை. ஒரு மின்னலில் மதர்போர்டு போய்விட்டது. வியாழக்கிழமை நான் வேறு மதர்போர்டு வாங்கி மாட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் ஆன் செய்தால், ‘ஆக்டிவேட் செய்யுங்கள், மூன்று நாள்தான் அவகாசம்’ என்று வந்து நின்றது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருளை ஓ.எஸ். என்போம். அதை முறையாக வாங்கினால் ஒரு சி.டி.யும், உறைமேல் ஒட்டிய நீளமான ஒரு கீயும் கிடைக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து. அந்தக் கீயை அடித்தால் மட்டும் போதாது. தயாரித்த கம்பெனிக்குத் தெரிவித்து, ‘ஆமாம், இது ஒரிஜினல்தான்’ என்று ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஆக்டிவேஷன். ஒரு கீக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் கணக்கு. மதர்போர்டு மாறினால், வேறு கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஒப்புதல் கேட்கும். அவகாசத்துக்குள் வாங்காவிட்டால் கதவைச் சாத்திவிடும், உள்ளே இருக்கிற எதையும் தொட முடியாது. இன்டர்நெட் வழியாக முயன்று பார்த்தேன். இந்தக் கீ ஏற்கெனவே பல தடவை பயன்பட்டுவிட்டது, போனில் கூப்பிடு என்றது.

போனில் கூப்பிடுவது எனக்குப் பழகின சமாச்சாரம். திரையில் ஒரு நீண்ட எண் வரும். அதைப் போன் பித்தான்களில் அழுத்த வேண்டும். இயந்திரத்துக்குத் திருப்தி இல்லையென்றால் மனிதரிடம் கொடுக்கும். தமிழ் வேண்டுமென்றால் கொஞ்சம் காத்திருந்தால் தமிழ் பேசுகிறவர் வருவார். அவர் கேட்பது ஒரே கேள்வி: இதை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள்? ஊரில் சிஸ்டம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் தெரியும். பத்துக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தாலும் பதில் ‘ஒண்ணு’. யோசிக்காமல் சொல்ல வேண்டும், யோசித்தால் சந்தேகம் வரும். நான் படித்த இன்ஸ்டிட்யூட்டில் பாடத்தோடு பாடமாக இதையும் சொல்லித்தான் அனுப்பினார்கள். கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி, அங்கே அதைச் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே சாரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. “பேசறது என் வேலைம்மா, நான் பேசறேன்” என்று அவர் ரிசீவரை வாங்கிக்கொண்டபோது, திரையிலிருந்த எண்ணை மட்டும் படித்துக் காட்டிவிட்டு எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்கிற மாதிரி நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் விரல்கள் பித்தான்கள்மேல் ஓடியதைப் பார்த்தே நான் சொக்கிப் போயிருந்தேன். இயந்திரம் மனிதரிடம் கொடுத்தது. ஒரு பெண் குரல், தென்பக்கத்து வாடையோடு. வணக்கம், நலம் எல்லாம் முடிந்து கேள்வி வந்தது.

“இந்த சி.டி.யை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க சார்?”

சார் இடது கை விரல்களை மடக்கி எண்ணினார்.

“அஞ்சும்மா.”

நான் அவர் உள்ளங்கையை இழுத்து, என் நகத்தால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். ஒன்று. கோடு புரிந்தது அவருக்கு. கையை மூடிக்கொண்டார்.

“சார், நான் திரும்பக் கேக்கறேன். இப்போதைக்கு எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்கு?” அந்தப் பெண் கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

“இப்போதைக்கும் அஞ்சுதாம்மா. என்னோடது ஒண்ணு, சிநேகிதங்க மூணு பேர், என் மச்சினன் ஒருத்தன். நான்தான் போட்டுக் குடுத்தேன்.”

ஒரு கீயை ஒரு கம்ப்யூட்டரில்தான் போடலாம் என்ற விதியை அவள் படித்துச் சொன்னாள். சாருக்கு அது நிஜமாகவே புதுச் செய்தி. முகம் சுருங்கிவிட்டது. “காசு குடுத்து வாங்கினது, என்னோடதுன்னு நினைச்சுட்டேம்மா. அண்டா குண்டானைக் கேட்டா குடுக்கற மாதிரி குடுத்துட்டேன். தப்புதான்” என்றார். ஒன்று என்றால் ஒப்புதல் எண் கொடுக்கலாம், ஐந்து என்றால் என்னால் முடியாது, பேசுவதெல்லாம் பதிவாகிறது சார் என்றாள் அவள். “தெரியும்மா. நீங்க சரியாத்தான் செய்யறீங்க. சாப்பிட்டாச்சா?” என்றார் இவர். இன்னும் இல்லை என்று பதில் வந்தது. “போய்ச் சாப்பிடுங்க முதல்ல” என்று சொல்லிப் போனை வைத்தார்.

அதற்குப் பிறகுதான் நான் ரிசீவரைப் பிடுங்கி மறுபடி எண்களை அழுத்தியதும், அவர் துண்டித்ததும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது இன்னும் நீண்டது. யாருக்கு என்ன நஷ்டம், ஊரே ஒண்ணு என்றுதான் சொல்கிறது, நீங்கள் ஒருவர் அரிச்சந்திரன் வேஷம் போட்டால் பெண்களுக்கு யார் ஃபீஸ் கட்டுவது என்று பொரிந்து தள்ளினேன். கத்துகிற வாடிக்கையாளரை விடுகிற மாதிரியே என்னையும் முழுக்கக் கத்தவிட்டார். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து நானே நிறுத்திக்கொண்டேன்.

“மேனேஜர் ரூம்ல இருந்துகிட்டே இல்லேன்னு சொல்லச் சொல்லுவாங்கம்மா” என்றார் பிறகு. “ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப பேச முடியாதாம்னுதான் சொல்லியிருக்கேன். அதுக்குத் திட்டுகூட வாங்கியிருக்கேன். போன்ல பேசறவங்களால என்னைப் பார்க்க முடியாது, என்னால அவங்களைப் பார்க்க முடியாது. நான் சொல்றதை வெச்சுத்தான் அவங்க நம்பணும். அதுல ஒரு தடவை கையை வெச்சேன்னா, அப்புறம் எனக்கே என்னை நம்ப முடியாம போயிடும்.”

“அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?”

“அஞ்சை ஒண்ணாக்கணும். அவ்வளவுதானே?”

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பாட்டுக்கு ரிசீவரை எடுத்தார். முதல் போன் மைலாப்பூரிலேயே இருந்த மச்சினனுக்கு. நான்கு பேரில் கண் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “அத்திம்பேர், ஆத்துல கொழந்தைகள் கேம் ஆடிண்டிருக்கா, இப்போ போய் அழிக்கறதாவது” என்று இழுத்தார். “பத்து நாள் தெருவுல ஆடட்டும்டா” என்று சார் சொன்னதும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அடுத்தது அடையாறில் பார்வையற்ற மாணவிகளுக்குப் படிப்பகம் நடத்தும் டீச்சர். அவருக்கும் பார்வை இல்லை. புத்தகங்களை ஸ்கேன் செய்து அந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்து, மாணவிகளைக் கேட்கவைக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “புஸ்தகமெல்லாம் போகாம எடுத்து வெக்க முடியுமா சார்? அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க, மத்தது பரவால்ல” என்றார். மூன்றாமவர் மேற்கு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஊதுபத்தி விற்பவர். “அண்ணே கேட்டு நான் இல்லேன்னுவேனா? வந்து அழிச்சிட்டுப் போவ சொல்லு” என்று முடித்துவிட்டார்.

நாலாவது போன் வடபழனிக்கு. சினிமாவுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஒருவர். பார்வையற்றோர் பள்ளியில் சாரோடு ஒன்றாகப் படித்தவர். ரிசீவருக்கு வெளியே நாலடி தள்ளியும் கேட்கிற குரல் அவருக்கு.

“இன்னா நைனா, வெளையாடறியா? நாலு மாசமா மெட்டு போட்டு சேத்து வெச்சிக்கினு கீறேன். புதன்கெயம ரெக்கார்டிங் கீது. ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு உனக்கு இன்னா கேடு?”

சார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர்முனையில் லைனைத் துண்டித்துவிட்டார். எனக்கு என்னவோ அந்தக் கீபோர்டுகாரரைத்தான் பிடித்தது, என் கட்சி பேசியதால். “அவன் பிழைப்பும்மா அது. நீ அங்க போய் நிக்காதே” என்று சார் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு கட்டுக் காலி சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். போகாமல் என்ன செய்வது? கீயும் கேட்காத, ஒப்புதலும் கேட்காத இலவச ஓ.எஸ். ஒன்று அப்போது புதிதாக வந்துகொண்டிருந்தது. அவரவர் வைத்திருந்ததை எல்லாம் சி.டி.யில் பிரதி எடுப்பேன், பழைய ஓ.எஸ்.ஸைத் துடைத்து அழிப்பேன், இலவசத்தைப் போட்டுக் கொடுப்பேன். அதிலும் படித்துச் சொல்கிற குரல் ஒன்று இருந்தது, ஆனால் கேட்கச் சகிக்காது. அடையாறில் அது பேசத் தொடங்கியதும் டீச்சரின் மாணவிகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “தொண்டை கட்டின மாதிரி பேசுது. போகட்டும், எங்களுக்குப் பழகிடும்” என்றார் டீச்சர். மாம்பலத்தில் ஊதுபத்திக்காரர் மனைவி எனக்கு டீ கொடுத்துவிட்டு, “அந்தப் பொட்டி பேசறத நிறுத்தினா இந்தாளு எங்கிட்ட பேசுவாரு, நல்லா அழிம்மா” என்றார்.

அழிக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் திரை ஒரு தடவை கேட்கும், நிச்சயமாகவா என்று. நான் அவர்களிடம் திரும்பி, “அழிச்சிடட்டுமா?” என்பேன். ஒருவர்கூடத் தயங்கவில்லை. எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேவிட்டேன். “அவர் ஒண்ணுன்னு சொல்லணுமே” என்றார், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி. அதைக் கேட்டுவிட்டு அடையாறு டிப்போ வரை நான் நடந்த நடை எனக்கு மறக்காது. முகம் தெரியாத ஒரு பெண் கேட்கும் கேள்விக்கு ஒரு மனிதர் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்காக இத்தனை பேர் தங்கள் வீட்டிலிருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். நான் மலைத்துப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்த ஆத்திரம் எந்த பஸ்ஸில் இறங்கிப் போனதென்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போகாதே என்று சொல்லியும், வடபழனி டிப்போவில் போய் இறங்கிவிட்டேன். கோயில் பக்கம் முகூர்த்தக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கீபோர்டுகாரர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சி.டி.யில் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் அவர் மெட்டுச் சேர்த்துவைக்கும் மென்பொருள் இலவச ஓ.எஸ்.ஸில் ஓடாது. போய் என்ன சொல்வது? உங்கள் நாலு மாசச் சோற்றைக் கொடுங்கள் என்றா? சார் சொன்னதுதான் சரியென்று பட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் புதுக் கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து இன்டர்நெட்டில் இணைத்தால், அதுவே போய்த் தன்னை யாரென்று சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அடையாறு பக்கம் இப்போது நான் வேலை செய்யும் ஆபீசில் அத்தனை லைசென்சும் ஒரே கணக்கில் இருக்கின்றன. ஆள் சேர்ந்தால் ஒன்று கூடும், ஆள் போனால் ஒன்று குறையும். எத்தனை என்று அதற்கே தெரியும்; யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் யாருக்கும் பதில் சொல்வதுமில்லை. என் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போனில் ஆக்டிவேஷன் வாங்கிய கதையைச் சொன்னால், நான் கட்டைவண்டியில் ஆபீசுக்குப் போனதாகச் சொன்ன மாதிரி பார்க்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. அந்த வசதிக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அந்தத் திங்கட்கிழமையை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று சார் இஸ்திரி போட்ட சட்டையும், பளிச்சென்று விபூதியுமாக, எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தது. அவகாசம் அன்றோடு சரி. “இன்னும் ரெண்டு இருக்கு சார், உங்களோடதும் வடபழனியும்” என்றேன்.

“ரெண்டுன்னு சொல்றேன்.”

“குடுக்க மாட்டாங்க.”

“அஞ்சுன்னு சொல்லி ஒரு தடவை கேட்டாச்சு. ரெண்டுன்னு சொல்லியும் கேட்டுப் பாப்போம். குடுக்கலேன்னா மேனேஜர்கிட்ட முடியலேன்னு சொல்லிக்கறேன்.” மேஜைமேல் இருந்த தூசியைக் கையால் துடைத்துவிட்டு ரிசீவரை எடுக்கக் கை நீட்டினார். அவர் கை படுவதற்குள் போன் அடித்தது.

எடுத்ததுமே எனக்கும் கேட்டது. “நைனா, அழிச்சிட்டேன்.”

சார் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“கேக்குதா இல்லியா? காத்தால எய்ந்து சி.டி.யப் போட்டு அழிச்சிட்டேன். அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் குந்திக்கினு இருந்தா உன் டைம் பூடும். எந்தக் கட்டைய எத்தினி வாட்டி அமுக்கணும்னு எனக்குத் தெரியாதா? வாசிக்கறவன்யா நானு. இப்ப ஒண்ணுதான் கீது. தகிரியமா சொல்லு, போ.”

“டேய், மெட்டெல்லாம்?”

“மெட்டு எங்க போவப் போவுது? மன்சுல கீது. திரும்ப வாசிச்சா ஆச்சு.” அந்தத் தடவையும் அவரேதான் முதலில் துண்டித்தார்.

சார் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன். பிறகு இருவரும் வேலையைத் தொடங்கினோம். நான் திரையிலிருந்த எண்ணைப் படித்தேன். அவர் விரல்கள் அழுத்தின. இயந்திரம் வழக்கம்போல மறுத்து மனிதரிடம் கொடுத்தது. இந்தத் தடவை ஓர் இளைஞன். வெள்ளிக்கிழமை நடந்ததும் தெரியாது, சனி ஞாயிறு நடந்ததும் தெரியாது. பின்னால் பத்து இருபது பேர் பேசும் இரைச்சல்.

“எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்கு சார்?”

“ஒண்ணு.”

சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் எண்களைச் சொல்லத் தொடங்கிவிட்டான். சார் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, நான் அடித்தேன். கடைசி எண்ணும் முடிந்து பித்தானை அமுக்கியதும், ஆக்டிவேஷன் முடிந்தது என்று திரையில் வந்தது. மறுகணம் சாரின் கம்ப்யூட்டர் அந்தப் புயல்வேகக் குரலில் அதைப் படித்தது. பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் அவர் மூன்று கடிதம் அடித்துக் காட்டினார். கடிதப் பிரிவுக்குப் போய், ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். வடபழனிக்கு அன்று சாயங்காலமே நான் இலவச ஓ.எஸ்.ஸோடு போய் நின்றேன். புதன்கிழமை ரெக்கார்டிங்கும் நடந்தது. எல்லா மெட்டும் திரும்பி வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அந்தக் காலையில், போனை வைப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பையன் மனப்பாடமாக, “வேற ஏதாவது உதவி வேணுமா சார்?” என்றான்.

“ஒரு சின்ன உதவி தம்பி. அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேளுங்களேன்.”

“எந்தக் கேள்வி சார்?”

“எத்தனை கம்ப்யூட்டர்னு கேட்டீங்களே, அது.”

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சிரிக்கவில்லை. சாரின் குரலில் என்ன இருந்ததோ, முன்பு அவசரமாகக் கேட்டதை இப்போது நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, மரியாதையோடு கேட்டான். “இதை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க சார்?”

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“ஒண்ணு தம்பி” என்றார். “ஒண்ணே ஒண்ணு.”